கால் ஊன்றும் இடம்

சுவாவில் ஒரு பெண் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறாள் என்றால் விலையைப் பற்றி யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். "கால் எட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கேட்பார்கள், மளிகைக் கடையில் கேட்பார்கள், கோயில் திருவிழாவில் கேட்பார்கள். அம்மாவைக் கேட்டார்கள், என்னைக் கேட்டார்கள், இப்போது என் அண்ணன் மகளையும் கேட்கிறார்கள். மூவருமே ஐந்தடிக்குக் குறைந்தவர்கள். நான் 147 சென்டிமீட்டர். அம்மா என்னைவிடவும் சற்றுக் குட்டை. கேட்பவர்களின் அக்கறை உண்மையானதுதான். ஆனாலும் அது பாதிக் கேள்வி. எந்தக் கால், எந்தத் தரையில், என்ன காலணியோடு, எவ்வளவு பாரத்தோடு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். அம்மாவின் ஹோண்டா சி70 பக்கத்தில் வளர்ந்ததால் எனக்கு இது தெரியும்.

நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் இருக்கிறது சுவா. சுற்றிலும் தோட்டங்கள். நான் சிறுமியாக இருந்தபோதே பல நிரைகளில் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த பால்மரங்கள் லயத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போயின. அம்மா முதலில் நடந்தார், பிறகு சைக்கிள் மிதித்தார். விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலைத் தோம்பில் ஊற்றி, அது உறையுமுன் ஸ்டோரில் நிறுக்க வேண்டும். தூரம் கூடக் கூட இந்த நேரக்கணக்கு உதைத்தது. பால் கட்டியானால் கூலியில் குறையும். 1980களின் நடுவில் அம்மா பழைய சி70 ஒன்றைத் தவணைக்கு எடுத்தது அதனால்தான். ஊர் அதை ஆசை என்றது. எங்கள் வீட்டில் அது அரிசிக் கணக்கு.

அந்த மோட்டாரை அம்மா தேர்ந்தெடுத்தார் என்று சொல்வது முழு உண்மையாகாது. எங்கள் பக்கம் கிடைத்ததே கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சிறு மோட்டார்கள்தான். பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார்களை மலாயாவுக்குக் கொண்டுவந்து பரப்பிய காலந்தொட்டு, தோட்டத்து மோட்டார் என்றால் கப்சாய்தான். ஆனால் அம்மாவின் உடம்புக்கு அதைவிடப் பொருத்தமான பிறவி வேறு இல்லை. அதன் முன்னோடியான சூப்பர் கப் 1958 ஆகஸ்டில் ஜப்பானில் வெளிவந்தது. பொறியியலைப் பார்த்துக்கொண்டவர் சோயிச்சிரோ ஹோண்டா. யார் வாங்குவார்கள் என்று யோசித்தவர் அவருடைய கூட்டாளி தாகேயோ ஃபுஜிசாவா. பெண்களும் தயங்காமல் ஏற வேண்டும், நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி இன்னொரு கையால் ஓட்ட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அதனால்தான் சீட்டுக்கு முன்னால் டாங்கி இல்லை. காலைத் தூக்கிப் போடாமல் நுழைத்தே ஏறிவிடலாம். கிளச் பிடியும் இல்லை. எஞ்சின் வேகம் கூடும்போது கிளச் தானாகப் பிடித்துக்கொள்ளும். 2017 அக்டோபரில் அந்தக் குடும்பத்து மோட்டார்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. கைலிக்குள் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு நாலரை மணி இருட்டில் ஏறிய ஒரு பால்மரத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான் அந்த இருவரும் யோசித்திருக்கிறார்கள். அதற்காக இன்றும் அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இருந்தாலும் வாங்கிய அன்றே அது அம்மாவுக்குச் சரியாக இருக்கவில்லை. கட்டைவிரல் நுனி மட்டும்தான் தரையில் பட்டது. சுவா கடைத்தெருவில் பட்டறை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தவுக்கே வண்டியைப் பார்க்கவே இல்லை. "அக்காவை வரச் சொல். வேலைக்குப் போகும் உடுப்பில், அந்தச் சப்பாத்தோடு, தோம்பையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்" என்று பாசார் மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ மோட்டார் கடைகளை ஏறி இறங்கிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு இணையான தொழிலறிவை வேறெங்கும் கேட்டதில்லை.

அம்மா போய் உட்கார்ந்தார். தவுக்கே பின்னால் போய்க் குந்தி அம்மாவின் இடுப்பையும் தொடைகளையும் சீட்டின் விளிம்பையும் பார்த்தார். சி70 சீட்டுக்கு அடியிலேயே எண்ணெய் டாங்கி இருக்கிறது. ஆகவே சீட்டை அடியோடு இறக்க வழியில்லை. அவர் கண்டுபிடித்தது வேறு. சீட்டின் மூக்கு அகலமாக இருந்ததால் தொடைகள் பக்கவாட்டில் விரிந்துகொண்டு, காலின் நீளத்தில் ஒரு பகுதி அந்த விரிப்பிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. உறையைப் பிரித்து, மூக்கின் இரு பக்கத்தையும் இரம்பத் தகட்டால் சீவினார். மேல்பக்கம் கொஞ்சம்தான் எடுத்தார். நாள் முழுக்க உட்காருகிறவருக்குப் பஞ்சு வேண்டுமல்லவா. சீவி எடுத்ததை வீசாமல் சீட்டின் பின்பக்கம் வைத்து ஒட்டி, அதற்கு மேல் ரெக்சின் இழுத்துத் தைத்தார். பின்னாலிருந்த அந்த மேடு அம்மாவை முன்னால் தள்ளிக் கொடுத்தது. கால் நேராகக் கீழே இறங்கியது. கையும் எட்டியது. சி70 கைப்பிடி விளக்கோடு சேர்ந்த ஒரே துண்டு, அதைத் திருப்பி அருகே கொண்டுவர முடியாது. அதனால் ஆளை அருகே கொண்டுவந்தார்.

பிறகு இடது பக்கக் கியர் மிதி. முன்னால் விரலாலும் பின்னால் குதிகாலாலும் மிதிப்பது. நீளப் பாதத்துக்கு அளவெடுத்தது அது. அம்மா ஒவ்வொரு முறை கியர் மாற்றவும் பாதத்தை முழுதாகத் தூக்க வேண்டியிருந்தது. அந்த மிதி பல் வெட்டிய தண்டின் மேல் மாட்டியிருக்கும். ஒரு போல்ட்டைத் தளர்த்தி, ஒரு பல் நகர்த்தி மாட்டினால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். பின்பக்கம் அதே அளவு எழும்பியதால் அந்தக் கையை நெருப்பில் காட்டி உள்ளே வளைத்தார். முன் பிரேக்குக்குச் சக்கரத்தடியில் ஒரு திருகு. பிடியின் சும்மா ஆட்டம் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்பது இந்த வகை மோட்டார்களுக்கான கணக்கு. இறுக்கமாக வைத்தால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும், நல்லதுதானே என்று தோன்றும். குட்டைக் கைக்கு அது கெடுதல். விரல் நுனி மட்டும் பிடியைத் தொடும் நிலையில் வலு வராது. பிடி கைக்குள் வந்து விரலின் நடுக்கணு வளைந்த பிறகுதான் அழுத்த முடியும். அதனால் தவுக்கே ஆட்டத்தை மேல் அளவுக்கு விட்டார். இவ்வளவுக்கும் அவர் வாங்கிய கூலி ரெக்சினுக்கும் தையலுக்கும் மட்டும்தான் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

பட்டறை முடித்த இடத்திலிருந்து அம்மாவின் வித்தை தொடங்கியது.

கப்சாயின் பின் பிரேக் வலது காலில். சி70-இல் முன் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் தாழாது, எழும்பும். அதன் முன் சக்கரம் தொங்கும் அமைப்பு அப்படி. கால் ஊன்றப் போகும் நேரத்தில் வண்டி எழும்பினால் குட்டை ஆளுக்கு வினை. ஆகவே நிற்கும் கடைசி இரண்டு முழத்துக்குப் பின் பிரேக்தான். வலது கால் அங்கே போய்விட்டால் தரைக்கு மிச்சமிருப்பது இடது கால் மட்டும். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் கால்வாயை நோக்கிச் சரியும். அதாவது நாம் ஓரங்கட்டி நிற்கும் இடத்தில் இடது காலுக்குக் கீழே உள்ள தரைதான் ஆகத் தாழ்ந்த தரை. கடை வாசலில் எட்டிய கால் சாலையோரத்தில் எட்டாமல் போவது இதனால்தான். அம்மா ஓரத்துக்குப் போகவே மாட்டார். ஒரு கல், ஒரு மேடு, நடைபாதைத் திட்டு இருக்கும் இடமாகத் தேடி அதன் அருகே நிறுத்துவார். இடமே இல்லையென்றால் இடுப்பைச் சீட்டின் இடப்பக்கம் நகர்த்தி, ஒரு தொடையில் மட்டும் உட்கார்ந்து, இடது பாதம் முழுவதும் பதியும்படி நிற்பார். இரண்டு கால் நுனிகளில் தத்தளிப்பதைவிட ஒரு பாதம் முழுசாகப் பதிவது பத்து மடங்கு பத்திரம். இதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எவரும் எனக்குச் சொன்னதில்லை.

தோட்டத்துச் செம்மண் சாலை இதற்கு நேர்மாறு. எல்லாரும் பயப்படும் அந்தச் சாலைதான் அம்மாவுக்குச் சௌகரியமானது. லோரிகள் போய்ப் போய் இரண்டு தடம் பள்ளமாகியிருக்கும், நடுவிலும் ஓரத்திலும் மண் மேடாக நிற்கும். அம்மா பள்ளத்திலேயே ஓட்டுவார். சக்கரம் தாழ்வில், கால் விழும் இடம் மேட்டில். மழைநாளில் மேடு வழுக்கும் என்பதால் அன்று மட்டும் புல் முளைத்த பக்கமாகப் பார்த்து நிறுத்துவார். சாலையைப் பார்த்தால் எனக்கு இன்றும் முதலில் தெரிவது அதன் நீளமோ வளைவோ இல்லை, எங்கே மேடு என்பதுதான்.

பாரமும் ஒரு கணக்கு. காலையில் காலித் தோம்போடு போகும்போது வண்டி உயரமாக நிற்கும். பால் நிரப்பித் திரும்பும்போது பின் அப்சோர்பர் அழுந்தி, கால் நன்றாகவே ஊன்றும். ஆனால் அப்போது சாய்ந்தால் தாங்க முடியாது. பால் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ. பாதி நிரம்பிய தோம்பில் அது உள்ளுக்குள் அலைமோதும். அதனால் அம்மா இரண்டு பக்கமும் சமமாக ஊற்றுவார், ஒரு தோம்பை நிறைத்துவிட்டு மற்றதை அரையாக விடமாட்டார். நடு ஸ்டேண்டு போடும்போது கையால் தூக்கமாட்டார். பின் சக்கரத்தை ஒரு பலகைத் துண்டின் மேல் ஏற்றுவார், ஸ்டேண்டின் மிதியில் உடம்பின் முழு எடையோடு ஏறி நிற்பார், வண்டி தானே பின்னால் ஏறிக்கொள்ளும். அந்தப் பலகை எப்போதும் கேரியரில் கட்டியிருக்கும். அது எதற்கு என்று கேட்ட ஆண்களுக்கு அம்மா பதில் சொன்னதாக நினைவில்லை.

எனக்கு மோட்டார் தேவைப்பட்டது 1999-இல். லுக்குட்டில் ஒரு கணக்கர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் பக்கத்து மக்கள் அந்த ஆண்டை மறக்கமாட்டார்கள். புக்கிட் பெலாண்டோக்கில் நிபா நோய் பரவி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணப்பட்டு, பிறகு அது புதிய கிருமி என்று தெரிந்தது; நாடு முழுவதிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். கிருமிக்குப் பெயர் வந்ததே அங்குள்ள சுங்கை நிபா கிராமத்தால். ராணுவத்தினர் வந்து, நோயைப் பரப்பிய பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்; மொத்தம் பத்து லட்சம் அளவுக்கு. அதே நேரத்தில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் சிப்பாங் பந்தயக்களம் மார்ச்சில் திறக்கப்பட்டு, ஏப்ரலில் உலக மோட்டார் பந்தயம் முதல் தடவையாக அங்கே நடந்தது. ஒரு பக்கம் ஊரைவிட்டுப் போகும் குடும்பங்களின் லோரிகள், இன்னொரு பக்கம் பந்தயம் பார்க்கப் போகும் இளைஞர்களின் மோட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் லைசன் எடுக்கப் போனேன்.

பயிற்சிக் கூடத்து மோட்டார் எனக்குப் பெரியது. பயிற்சியாளர், "தங்கச்சி, நீ காடி லைசன் மட்டும் எடு, போதும்" என்றார். கார் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை என்பதை அவருக்கு விளக்க நான் முயலவில்லை. சோதனையில் எல்லாரும் அஞ்சுவது ஒடுக்கமான பாலத்தைத்தான். நெட்டையான பையன்களே அதில் காலை ஊன்றித் தோற்றுப்போவார்கள். நான் அதற்கு அஞ்சவில்லை. பாலத்தின் மேல் யாருடைய காலும் கீழே படக் கூடாது என்பதுதான் விதி. அங்கே நெட்டைக்கும் குட்டைக்கும் வேறுபாடு கிடையாது. மெதுவாகப் போக, தூரத்தைப் பார்க்க, பின் பிரேக்கை லேசாக மிதித்துப் பிடிக்கத் தெரிந்தால் போதும். அந்த மூன்றையும் லோரித் தடத்தில் அம்மா எனக்குப் பழக்கிவிட்டிருந்தார்.

பிறகு மோட்டார் தேடினோம். அண்ணன் யமாஹா ஆர்எக்ஸ்இசட் பிரியர். அதன் சத்தத்துக்காகவே அந்தக் காலத்து இளைஞர்கள் உயிரை விட்டார்கள். நானும் ஏறிப் பார்த்தேன். டாங்கியைத் தாண்டிக் காலைப் போட்டு, கிளச்சையும் பிடித்துக்கொண்டு சாய்வான சாலையில் நிற்பது எனக்கு ஒத்துவராது என்று உடனே தெரிந்தது. ஹோண்டா இஎக்ஸ்5 பழையது ஒன்றைப் பார்த்துவைத்தோம். விளம்பரத் தாளில் சீட்டு உயரம் என்று ஒரு எண் போடுவார்கள். அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அந்த எண் சீட்டின் அகலத்தைச் சொல்லாது. இன்னொன்றையும் சொல்லாது: ஓட்டுகிறவரின் எடையை. அப்சோர்பர் சுருளை ஒரு சராசரி ஆணின் எடைக்கும் பின்னால் உட்காருபவருக்கும் பாரத்துக்கும் கணக்கிட்டுச் செய்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி நன்றாகத் தாழும். நாற்பது கிலோ சில்லறை எடையுள்ள நான் ஏறினால் அது அசைவதே இல்லை. ஆக, குட்டையான எனக்கு அந்த மோட்டார் நெட்டையானவருக்கு இருப்பதைவிடவும் உயரமாக நிற்கிறது.

ஒன்றுவிட்ட தம்பி ஒரு யோசனை சொன்னான். கட்டை அப்சோர்பர் வாங்கிப் பூட்டு, ஒரே நாளில் இரண்டு அங்குலம் இறங்கிவிடும். அவனுடைய மோட்டாரை அப்படித்தான் செய்திருந்தான். அதை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்பக்கம் மட்டும் தாழ்ந்ததால் முன் சக்கரம் நீட்டிக்கொண்டு, திருப்பங்களில் கைப்பிடி கனத்தது, விளக்கு சாலையை விட்டுவிட்டுச் செம்பனை மட்டைகளைப் பார்த்தது, பக்க ஸ்டேண்டு மட்டும் பழைய நீளத்திலேயே இருந்ததால் வண்டி ஏறக்குறைய நேராக நின்று, காற்றடித்தாலே மறுபக்கம் சாயப் பார்த்தது, செம்மண் குழியில் பின் சக்கரம் மட்கார்டில் முட்டியது. நான் வேறு வழியைக் கேட்டேன். அதே நீளம், ஆனால் இளகிய சுருள். கீழே இறுக்கத்தை மாற்றும் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, வளையத்தை ஆகத் தளர்ந்த படியில் வைத்தோம். இப்போது என் எடைக்கும் வண்டி தாழ்ந்து கொடுத்தது, சக்கரம் ஏறி இறங்கும் இடமும் குறையவில்லை. முந்தைய உடைமைக்காரர் பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் 2.75 டயர் போட்டிருந்தார். அதைக் கழற்றி 2.50-க்குத் திரும்பியதில் இன்னும் 6 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. சீட்டுக்கு அதே தவுக்கே, அதே இரம்பத் தகடு. அப்போது அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. வெட்டியது அவருடைய மகன், குந்திப் பார்த்தது அவர்.

ஒன்றிலும் பெரிய அளவு கிடைப்பதில்லை. இங்கே ஒரு விரற்கடை, அங்கே அரை விரற்கடை. எல்லாம் சேர்ந்தபோது என் இடது பாதம் முழுவதும் பதிந்தது, வலது பாதத்தின் முன்பாதி பதிந்தது. நிறுத்தி ஊன்ற அது தாராளம்.

பல ஆண்டுகள் கழித்து மோட்டார் பந்தய வீரர் டேனி பெட்ரோசாவைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. உயரம் 160 சென்டிமீட்டர், எடை ஐம்பதை ஒட்டி. அவர் சிப்பாங்கில் 2012-இல் மழையிலும் 2015-இல் வெயிலிலும் வென்றார். குட்டையானவர் என்பதால் அந்தப் பெரிய மோட்டாரைக் கையாள முடியாது என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் அவரை அதிகம் படுத்தியது எடைதான். குளிரான நாளில் அவருடைய இலேசான உடம்பு டயரை அழுத்திச் சூடேற்றப் போதவில்லை. டயர் அவருக்காகத் தயாரானதல்ல. உலகத்தின் மிகத் தேர்ந்த பொறியாளர்கள் சுற்றி நின்றும் தீராத அந்தச் சிக்கலும், அசையாத சுருளின் மேல் நான் உட்கார்ந்திருந்த சிக்கலும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வண்டி யாரோ ஒரு சராசரி ஆளை நினைத்துச் செய்யப்படுகிறது. அந்த ஆள் எங்கள் லயத்தில் எந்த வீட்டிலும் இருந்ததில்லை.

இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓட்டிய பெண்கள் எத்தனையோ பேர். ஆளுக்கு ஒரு பலகைத் துண்டும், ஆளுக்கு ஒரு நிறுத்தும் இடமும் வைத்திருந்தார்கள். லயங்கள் இடிந்து, ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குப் போனபோது அந்தக் கைப்பழக்கமும் சிதறிவிட்டது. கடைக்காரர்கள் இன்று ஒரு சின்னப் பெண் வந்தால் எண்ணைக் காட்டுகிறார்கள், சிவப்பா வெள்ளையா என்று நிறத்தைக் கேட்கிறார்கள்.

அண்ணன் மகளோடு போன மாதம் சிரம்பானில் கடை ஏறினேன். அவளுக்குத் தானியங்கி ஸ்கூட்டர்தான் வேண்டும். கியர் இல்லை, கால் வைக்கத் தட்டையான இடம், சீட்டுக்கடியில் பை வைக்க அறை. எல்லாம் சரிதான். ஆனால் அந்த அறைக்காகவே சீட்டு அகலமாகிவிடுகிறது. தாளில் இஎக்ஸ்5-ஐவிடத் தாழ்ந்த எண் போட்ட ஒரு ஸ்கூட்டரில் அவளுக்குக் கட்டைவிரல்தான் பட்டது. அவள் வேலைக்குப் போடும் சப்பாத்தைக் காரிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். மடிக்கணினிப் பையை முதுகில் மாட்டச் சொன்னேன். கடையின் வழுவழுப்பான தரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டுபோய், கால்வாய்ப் பக்கம் சரியும் சாலையோரத்தில் நிறுத்தி உட்காரச் சொன்னேன். விற்பனையாளருக்குப் பொறுமை இருந்தது, நன்றி சொல்ல வேண்டும். மூன்றாவதாகப் பார்த்தது சீட்டு சற்று ஒடுங்கியது. அதில் பாதத்தின் முன்பாதி பட்டது. தலைக்கவசத்திலும் அவள் அளவு சிறியதுதான். கடை இனாமாகக் கொடுத்த நடுத்தர அளவு தலையை ஆட்டினாலே சுழன்றது. 1973-இலிருந்து இந்த நாட்டில் தலைக்கவசம் கட்டாயம். சுழலும் கவசம் சட்டத்துக்கு ஆகும், தலைக்கு ஆகாது. வேறு வாங்கினோம்.

சுவாவில் அந்தப் பட்டறை இப்போது இல்லை. தவுக்கேயின் மகன் தொழிலை விட்டுவிட்டார். லுக்குட்டில் ஒரு குஷன் கடைக்காரர் மோட்டார் சீட்டும் செய்கிறார். நேற்று ஸ்கூட்டரை அவரிடம் கொண்டுபோனோம். எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவர் கேட்டார். இறக்க வேண்டாம், முன்னால் இரு பக்கத்தையும் சீவுங்கள், எடுத்ததைப் பின்னால் வையுங்கள் என்று சொல்லி, எழுதுகோலால் ரெக்சின் மேல் கோடு போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளையை உட்காரச் சொல்லுங்க, பின்னாலேர்ந்து பார்க்கணும்" என்றார். சனிக்கிழமை தருகிறார்.